சுரங்க மந்திரி

பதினோரு வயதில் நான் பதினான்கு கிரகங்களுக்கு ராணியாக இருந்தேன். கேரள எல்லையில் எங்களைச் சுற்றியிருந்த ஊர்களின் பெயர்களைத்தான் அவற்றுக்கு வைத்திருந்தேன். தலைநகரம் ஆரியங்கோடு, எங்கள் ஊர். கொல்லயில், பாறசாலை, காரோடு, நெய்யாற்றின்கரை எல்லாம் என் கொடியின் கீழ் இருந்தன. நெய்யாற்றின்கரையைப் பிடிப்பதற்குள் மூன்று கப்பற்படைகளை இழந்தேன் என்பதை அந்த ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கடைசிக்கு முந்தின பெஞ்சு. கணக்கில் பாஸ் ஆனால் வீட்டில் பாயசம் வைப்பார்கள், அதனால் எங்கள் வீட்டில் பாயசம் அபூர்வம். ஆனால் தினமும் மாலை நாலரை மணியிலிருந்து ஆறரை வரை, கரண்டும் இடியும் அனுமதித்தால், நட்சத்திரங்களுக்கு நடுவே என்னைக் கேட்காமல் ஒரு கப்பல் நகராது.

இந்த சாம்ராஜ்யம் முழுவதும் என் பெரியம்மா மகனுடைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அண்ணனுக்குக் காரோட்டில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. அவன் கல்லூரி விடுதிக்குப் போகும்போது, உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் துருப்பிடித்துப்போகும் என்று பயந்து, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அதை ஆட்டோவில் ஏற்றி ஆரியங்கோட்டில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். ஓணத்துக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போவான் என்று ஏற்பாடு. இடி இடித்தால் வயரைப் பிடுங்க வேண்டும், ஈரக்கையால் தொடக்கூடாது, மேலே துணி போட்டு மூட வேண்டும் என்று கைக்குழந்தையை விட்டுப்போகிறவன் போலப் பத்து தடவை சொன்னான். கடைசியில் மனசு கேட்காமல் அந்த விளையாட்டையும் திறந்து காட்டினான்.

ஆகாயத்தில் கிரகங்களைப் பிடித்து ராஜ்யம் கட்டுகிற விளையாட்டு அது. மொத்தம் பன்னிரண்டு கட்டம். ஒரு கட்டத்தில் பிடித்த கிரகம் அடுத்த கட்டத்திலும் நம்மோடு வரும். பன்னிரண்டாவதில் சிவப்புச் சக்கரவர்த்தி என்று ஒருவன், அவனுடைய கோட்டையை உடைத்தால் ஆகாயம் முழுக்க நமக்கு. அண்ணன் இரண்டு வருடம் மோதிப் பார்த்தும் அந்தக் கோட்டையைத் தாண்டவில்லை. நான் விளையாடட்டுமா என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

“எட்டி, நீ நாலாவது கட்டம் தாண்டினாலே பெரிய காரியம். பன்னிரண்டும் முடிச்சேன்னா நான் இந்த மீசைய எடுக்கேன்.”

மீசை என்று அவன் சொன்னது, பத்தொன்பது வயதில் மேலுதட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற கொஞ்சம் முடியை. காலையில் கண்ணாடி பார்க்கும்போது விரலால் தொட்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான். அந்த மீசையை எடுக்கவைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இதுவரை எடுத்த எந்த முடிவிலும் அவ்வளவு பிடிவாதமாக நான் நின்றதில்லை.

விளையாட்டின் ரகசியம் சுரங்கத்தில் இருந்தது. ஒவ்வொரு கிரகத்திலும் ஒரு சுரங்கம், அதற்கு ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஓய்வு, பாதி, முழுசு என்று மூன்று இடத்தில் வைக்கலாம். தோண்டி எடுக்கிற இரும்பில் கப்பல் கட்டலாம். எல்லாம் வைத்து முடித்ததும் மூலையில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு வருடம் போகும். கிரகத்துக்குக் கீழே பச்சையாக ஒரு கோடு உண்டு. தோண்டத் தோண்ட அந்தக் கோடு குறுகி மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் கறுத்துவிடும். கறுத்துவிட்டால் கிரகமே சாம்பல் நிறமாகிவிடும், அதற்குப் பிறகு அதிலிருந்து ஒரு பிடி மண்கூட வராது. ஓய்வில் விட்டால் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வளரும். நான் அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. எல்லாக் கைப்பிடியையும் முழுசில் தள்ளிவிட்டுச் சண்டைக்குப் போனேன்.

மூன்றாவது கட்டத்தை ஏழு தடவை தோற்று எட்டாவது தடவை ஜெயித்தேன். சமூகப்பாட நோட்டின் பின்பக்கங்கள் முழுவதும் எந்த வழியாகப் போனால் எத்தனை கப்பல் போகும் என்று எழுதி நிறைத்தேன். டீச்சர் ஒருநாள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பானிப்பட்டுப் போரைத்தான் நான் இவ்வளவு ஆழமாகப் படிக்கிறேன் என்று நினைத்து வகுப்புக்கு முன்னால் பாராட்டினார். ஜூலை பாதிக்குள் ஏழாவது கட்டத்தில் நின்றேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், கொல்லயிலும் பாறசாலையும் ஓய்வில் இருந்தன. நான் அப்படி வைக்கவில்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று முழுசுக்குத் தள்ளினேன். மறுநாள் வந்து பார்த்தால் கொல்லயிலும் பாறசாலையும் பாதியில் இருந்தன, நெய்யாற்றின்கரையும் ஆரியங்கோடும் ஓய்வில் இருந்தன. அதற்கு மறுநாள் திரும்பவும் மாறியிருந்தது. நான் இல்லாத நேரத்தில் என் ராஜ்யத்தை வேறு யாரோ ஆண்டுகொண்டிருந்தார்கள்.

முதலில் கம்ப்யூட்டருக்குள் பூச்சி புகுந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு சிவப்புச் சக்கரவர்த்தியின் வேலையோ என்று சந்தேகப்பட்டேன். அம்மா நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார், காலையில் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார். பாக்கி வீட்டில் இருந்தது அப்பா மட்டும். அப்பாமேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. டிவி ரிமோட்டையே அம்மாவிடம் நீட்டுகிற மனிதர் அவர்.

அப்பாவுக்கு ரப்பர் வெட்டு வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மலையில் ஒரு முதலாளியின் முந்நூற்றுச் சொச்சம் மரங்களை அவர் பதினெட்டு வருடமாக வெட்டிக்கொண்டிருந்தார். அவை கன்றாக நின்று மரமாகி வந்தபோது முதல் கத்தி வைத்ததே அப்பாதான். வெட்டு என்றால் மரத்தை வெட்டிச் சாய்ப்பது அல்ல. பட்டையை ஒரு நூல் அளவு சீவிவிட்டால் பால் இறங்கிக் கீழே வைத்த சிரட்டையில் சேரும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் கட்டுவார்கள், தண்ணீர் இறங்காமலிருக்க. அந்த வருடம் முதலாளி பிளாஸ்டிக் வாங்கித் தரவில்லை. அதனால் மழைக்காலம் முழுவதும் அப்பாவுக்கு வேலை இல்லை. முதல் வாரத்தில் குடைகளைச் சரிசெய்தார். இரண்டாவது வாரத்தில் ஆடாமலிருந்த கட்டில் காலையும் கழற்றி மாட்டினார். அதற்குப் பிறகு வீட்டில் சரிசெய்ய எதுவும் இல்லை.

ஒருநாள் காற்றில் பள்ளிக்கூடத்துக் கூரை ஓடு நாலைந்து பறந்ததால் மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டே ஓடிவந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தோளில் துவர்த்துத் துண்டு. வலதுகையில் மவுஸ், அது நடுங்காமலிருக்க இடதுகையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். உள்கட்டையில் ஒரு கீறல் விழாமல் பட்டை சீவுகிற கை அது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொல்லயில் கிரகத்தின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே வந்ததும் எழுந்துவிட்டார். “தூசி தட்டினேன்” என்றார்.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ராணி என்பதால் கோபத்தை மட்டும் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் துவர்த்தால் மானிட்டரைத் துடைத்துப் பார்த்தார். பிறகு தாங்க முடியாமல் சொன்னார்.

“நீ தெனமும் வெட்டுகியே மக்ளே. பட்ட தாங்காது. ஒண்ணராடம் விட்டாத்தான் நிக்கும்.”

ஒருநாள் வெட்டி ஒருநாள் விடுவதுதான் ஒண்ணராடம். எங்கள் மலையில் எல்லா மரத்துக்கும் அதுதான் முறை. அப்பாவுக்குத் திரையிலிருந்த இங்கிலீஷ் ஒரு வரி தெரியாது. ஆனால் நான் இரண்டு மாதமாகப் பார்க்காத பச்சைக்கோட்டை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார். எடுத்தால் குறைகிறது, விட்டால் ஏறுகிறது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

“அப்பா, அங்க மரம் ஒண்ணும் கிடையாது. அது இரும்பாக்கும்.”

“இரும்பாக்கும்” என்று மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, கொல்லயிலை ஓய்வில் வைத்தார்.

நான் சம்மதித்ததற்குக் காரணம் இரக்கம் என்று சொன்னால் அது பொய். எல்லாக் கிரகத்துக் கைப்பிடிகளையும் ஒவ்வொரு வருடமும் மாற்றுவது பெரிய தொல்லை. அந்த வேலையை யாராவது பார்த்துக்கொண்டால் நான் நிம்மதியாகச் சண்டை போடலாம். அன்று முதல் மாலையில் இரண்டு நாற்காலிகள் போட்டோம். அப்பா கைப்பிடிகளை வைத்துவிட்டு “செரி” என்பார், நான் வருடத்தை அமுக்குவேன்.

எட்டாவது கட்டத்தில் அந்த நிம்மதிக்குக் கூலி கிடைத்தது. காரோட்டைப் புதிதாகப் பிடித்திருந்தேன். எல்லையோரக் கிரகம், பகைவன் அந்த வழியாகத்தான் வருவான். ஆறு வருடம் ஓடியிருந்ததால், அங்கே ஆறு கப்பலாவது கட்டி நிற்கும் என்று கணக்குப் போட்டு என் படையை வேறு பக்கம் அனுப்பினேன். பகைவன் நாலே நாலு கப்பலோடு வந்தான். காரோட்டில் ஒரு கப்பல்கூட இல்லை. சுரங்கத்தில் கையே வைக்கவில்லை. ஆறு வருடமாக அது ஓய்விலேயே கிடந்திருக்கிறது.

“கன்னுக்கு ஏழு வருசம் ஆகாம கத்தி வைக்கக் கூடாதுல்லா. இன்னும் ஒரு வருசந்தான் பாக்கி இருந்தது” என்றார் அப்பா. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ரப்பர் கன்று நட்டு ஏழாவது வருடம்தான் முதல் வெட்டு. புதிதாகப் பிடித்த கிரகமும் அவருக்குக் கன்றுதான். இப்படி ஒரு காரணத்துக்காக எந்த ராஜ்யமாவது எல்லையை இழந்திருக்குமா என்று தெரியவில்லை. நான் அழுதேன், கத்தினேன். “உங்களால ஆக்கும் தோத்தேன்” என்று சொல்லி அன்று ராத்திரி அவரோடு சேர்ந்து சாப்பிட மாட்டேன் என்றேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா வாசலிலேயே நின்றார். கையில் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா. “காரோட்டத் திரும்பப் பிடிக்கணும்” என்றார். சாயாவைக் குடித்துக்கொண்டே சமூகப்பாட நோட்டில் ஒரு தாளைக் கிழித்துச் சட்டம் எழுதினேன். இன்று முதல் அப்பா சுரங்க மந்திரி. மந்திரி படையைத் தொடக்கூடாது, ராணி கைப்பிடியைத் தொடக்கூடாது. புதுக்கிரகத்துக்கு ஏழு வருடம் கிடையாது, மூன்று வருடம். அப்பா மூன்றுக்கு முகத்தைச் சுளித்தார். நெடுநேரம் பேசி நாலில் முடித்தோம். அவர் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டார். தாளை மானிட்டருக்கு அடியில் வைத்தோம்.

அதற்குப் பிறகு எங்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. பகைவர்களின் கிரகங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பலாகிக்கொண்டிருக்க, ஒண்ணராடத்தில் எங்கள் கிரகங்கள் மட்டும் பச்சையாக நின்றன. அப்பா திரையில் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அம்மா சீக்கிரம் வந்து, இரண்டு தலைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திரைக்குள் கிடப்பதைப் பார்த்தார். “இஞ்ச பாருங்க, இந்த வீட்டுல ஒரு பிள்ளதான் உண்டுன்னு நான் நெனச்சிருந்தேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். ஆனால் ராத்திரி மரச்சீனிக் கிழங்கைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரையும் பார்க்காமல், “காரோடு கிடச்சா?” என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஓணப்பரீட்சை முடிந்து லீவு விட்டபோது பன்னிரண்டாவது கட்டத்தில் நின்றோம். மழையும் விட்டிருந்தது. திருவோணத்துக்கு முந்தின நாள் காலையில் வருவேன் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தான். அதற்கு மூன்று நாள் இருந்தது. சிவப்புச் சக்கரவர்த்தியின் கோட்டை ஒரு பெரிய கிரகத்தைச் சுற்றி வளையமாக நின்றது. அதில் என்ன உடைத்தாலும் அடுத்த வருடத்துக்குள் அது தானாக அடைந்துகொள்ளும். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் பாதிக் கோட்டையோடு என் படை முடிந்துபோனது. அப்பாவின் சுரங்கங்கள் அளந்து அளந்து கொடுத்தன. அந்த இரும்பில் வருடத்துக்கு நாலு கப்பல்தான் கட்ட முடிந்தது. கோட்டையை ஒரே வருடத்தில் உடைக்க நூறு கப்பலாவது ஒன்றாகப் போக வேண்டும்.

அண்ணன் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் முதலாளியின் கார் எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. அவர் வீட்டுக்கு வருகிற வழக்கமே கிடையாது. அவரோடு நான் பார்த்திராத ஒரு ஆள் இருந்தார். மூன்று பேரும் மலைக்குப் போய்விட்டு வந்தார்கள். அப்பா துவர்த்தைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே தவித்துக்கொண்டிருந்தேன். மந்திரி வந்து கைப்பிடிகளை வைக்காமல் வருடத்தை அமுக்க முடியாது, அது எங்கள் சட்டம். ஜன்னல் வழியாக இரண்டு தடவை கூப்பிட்டேன். முதலாளி அந்த ஆளிடம், “ஓணம் கழிஞ்ஞு தொடங்ஙாம்” என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. மழை விட்டுவிட்டதால் ஓணம் கழிந்ததும் வெட்டுத் தொடங்கப் போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு வேலை வந்துவிட்டதே என்று ஒரு நிமிடம் சந்தோஷம்கூடப் பட்டேன்.

கார் போன பிறகும் அப்பா உடனே வரவில்லை. வந்து உட்கார்ந்தவர் மவுஸைத் தொடவில்லை. நான் அதற்குள் வழி கண்டுபிடித்திருந்தேன். நோட்டைக் காட்டி விளக்கினேன். எல்லாக் கைப்பிடியையும் முழுசில் தள்ள வேண்டும். ஓய்வே கிடையாது. பத்து வருடம் அப்படித் தோண்டினால் நூற்றிருபது கப்பல். கோடுகள் எல்லாம் கறுப்பதற்கும் நாம் கோட்டையில் போய் நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

“அது கடும்வெட்டாக்கும் மக்ளே” என்றார் அப்பா.

கடும்வெட்டு என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மரத்தை முறித்து விற்கப்போகும் முன்னால் அதிலிருக்கிற பாலையெல்லாம் வடித்துவிடுவார்கள். ஏணி வைத்து மேலே வெட்டுவார்கள், கீழே வெட்டுவார்கள், ஒருநாள்கூட விடமாட்டார்கள். மழையையும் பார்க்கமாட்டார்கள், பட்டையையும் பார்க்கமாட்டார்கள். பால் நின்றதும் வாளோடு ஆள் வரும்.

“கொஞ்சம் பொறுத்துப் பாப்போம். இருவது முப்பது வருசம் ஒண்ணராடத்துல போனா நமக்கும் கப்பல் சேரும்” என்றார்.

“நேரமில்லப்பா. நாளைக்கு அண்ணன் வந்திருவான். ஜெயிச்சாக் கட்டம் முடிஞ்சிரும். அதுக்குப் பெறகு இந்தக் கிரகமெல்லாம் யாருக்கு வேணும்?”

அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுகாவ” என்றார்.

எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. அவசரத்தில் அது காதிலேயே ஏறவில்லை.

“ஆரியங்கோட்ட மட்டுமாவது விட்டுரு மக்ளே.”

“அதுலதான் இரும்பு அதிகம்.”

“அப்போ நீயே செய்யி” என்று சொல்லி எழுந்தார். அங்கேயே நான் விட்டிருக்கலாம். கைப்பிடிகளை நானே தள்ளியிருந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருப்பது இந்த இடத்தில்தான். நான் மானிட்டருக்கு அடியிலிருந்து சட்டத்தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “நீங்கதான் சுரங்க மந்திரி. ராணி தொடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கு. நீங்கதான் செய்யணும்” என்றேன். என்னைவிட நேர்மையான ராணி ஆகாயத்தில் இல்லை என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “செரி” என்று உட்கார்ந்தார். வலது மணிக்கட்டை இடதுகையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கிரகமாகத் திறந்தார். கொல்லயில் முழுசு. பாறசாலை முழுசு. நெய்யாற்றின்கரை, காரோடு. ஒவ்வொன்றையும் தள்ளுவதற்கு முன்னால் பச்சைக்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சீக்கிரம், சீக்கிரம் என்று நான் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆரியங்கோட்டைக் கடைசியில் தள்ளினார். தள்ளிவிட்டுத் துவர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஓய்வு கிடையாது என்பதால் அதற்குப் பிறகு எனக்கு மந்திரி தேவைப்படவில்லை.

பத்து வருடம் அமுக்கினேன். மஞ்சள், சிவப்பு, கறுப்பு. பதினொன்றாவது வருடம் நூற்றிருபது கப்பலோடு போய்க் கோட்டையை உடைத்தேன். திரை முழுக்க வாணவேடிக்கை. தங்க எழுத்தில், இனி என் சாம்ராஜ்யத்துக்கு முடிவே இல்லை என்று இங்கிலீஷில் எழுதி வந்தது. நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் முற்றத்தில் வெட்டுக்கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “கொள்ளாம் மக்ளே” என்று அங்கிருந்தே பாராட்டினார். உள்ளே வந்து பார்க்கவில்லை. என்னால் ஜெயிக்க முடிந்ததில் அவருக்குக் கொஞ்சம் பொறாமை என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தான். அவனை இழுத்துக்கொண்டுபோய்த் தங்க எழுத்தைக் காட்டினேன். அவன் குனிந்து நெடுநேரம் பார்த்தான். தங்க எழுத்துக்குப் பின்னால் என் கிரகங்கள் சாம்பல் உருண்டைகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

“எட்டி, எல்லாம் செத்துக் கெடக்குதே” என்றான். பிறகு திரையின் ஓரத்தில் விரலை வைத்தான். “இது மட்டும் என்ன பச்ச?”

நான் அப்போதுதான் கவனித்தேன். கடைசியாகப் பிடித்த ஒரு பொட்டுக் கிரகம். பெயர் வைக்கக்கூட நேரமில்லாமல் விட்டது. கைப்பிடி ஓய்வில் இருந்தது. எங்கள் சட்டப்படி அதற்கு நாலு வருடம் எப்போதோ ஆகிவிட்டிருந்தது, ஆனால் அப்பா கைப்பிடிகளைத் தள்ளிய அன்று ஏழு ஆகவில்லை. அண்ணனுக்கு முன்னால் என் ராஜ்யத்தில் ஒரு பிழை வெளிப்பட்டது எனக்கு மானக்கேடாக இருந்தது. “அப்பா அத மறந்துட்டாவ” என்றேன்.

கம்ப்யூட்டரைக் கட்டக் கயிறு எடுத்துக்கொண்டு வந்த அப்பா வாசலில் நின்றார். “ஆமா மக்கா, மறந்துபோச்சு” என்று அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மறுநாள் மத்தியானம் பெரியம்மா வீட்டில் ஓணச்சத்யை விருந்துக்கு உட்காரும்போது அவன் மேலுதடு வெறுமையாக இருந்தது. முகம் முன்னைவிட லட்சணமாக இருக்கிறது என்று பெரியம்மாவே சொன்னார். எனக்கு அதற்கு மேல் ஓணம் தேவைப்படவில்லை.

அந்த வருடம் பிளாஸ்டிக் ஏன் வரவில்லை என்பதும், காரில் வந்த புது ஆள் யார் என்பதும் எனக்குப் புரிவதற்கு வருடங்கள் ஆயின. முறித்து விற்கப்போகிற மரத்துக்கு யாரும் மழைக்குப் பிளாஸ்டிக் கட்டமாட்டார்கள். அந்த ஆள் மலையைக் கடும்வெட்டுக்கு எடுத்தவர். ஒவ்வொரு மரத்தின் குணமும் தெரிந்தவர் என்று அப்பாவையே வேலைக்கு வைத்துக்கொண்டார். அடுத்த ஓணத்துக்கு முன்னால் மலை மொட்டையாகிவிட்டது. இப்போது அங்கே அன்னாசிச் செடிகளுக்கு நடுவில் புதுக்கன்றுகள் நிற்கின்றன. அப்பா இன்னும் வெட்டுக்குத்தான் போகிறார், வேறு ஒருவரின் மலைக்கு. அந்த விளையாட்டைப் பற்றி நாங்கள் பேசுவது உண்டு. காரோடு போன கதையைச் சொன்னால் இப்போதும் விழுந்து விழுந்து சிரிப்பார். பன்னிரண்டாவது கட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை.

அந்த வருடம் ஓணலீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், அப்பா முற்றத்தில் ஒரு மூங்கில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த ஏணியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அம்மா அவருக்கு முன்னால் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றார். எனக்கோ மனம் நிறைந்துபோயிருந்தது. ஏணி என்றால் கடும்வெட்டு. வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவர், கடைசியில் என் வழிக்குத்தானே வந்தார் என்று நினைத்தேன். நான் சொல்லிக்கொடுத்ததை அப்பா மலையில் செய்துபார்க்கப் போகிறார் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டார்.

அப்பா ஏணியோடு படி இறங்கிக்கொண்டிருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

“அப்பா, இந்த வாட்டி ஒண்ணையும் மறந்திராதீங்க.”

அப்பா நின்றார். ஏணியைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டார்.

“இல்ல மக்ளே” என்றார். “மறக்க மாட்டேன்.”